இழுவை இல்லாத வண்டி: சிறுமலை அடிவாரத்தில் ஒரு பழைய ஏடிவி பற்றிய நிகழ்வு ஆய்வு

பாலமேடு தாண்டி, சிறுமலை அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. பெரும்பகுதி கல்லாமையும் செந்தூரமும், நடுவில் கொஞ்சம் காசாலட்டு, வேலியோரம் தென்னை. மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று தோப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் டிராக்டர் போகும். அந்தப் பக்கம் சரிவும் சரளையும். கிளைகள் நெஞ்சு உயரத்துக்குத் தாழ்ந்து கிடக்கும். அங்கே காய் இறக்கினால் கிரேட்டைத் தலையில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். தலைச்சுமைக்கு ஆள் பிடிப்பது வருடத்துக்கு வருடம் பெரும்பாடாகிக்கொண்டே போனதால், தோப்புக்காரர் பழைய ஏடிவி (பைக்போல ஹேண்டில் பிடித்து ஓட்டும், கரடுமுரடான தரைக்கான நான்கு சக்கர வண்டி) ஒன்றை வாங்கினார்.

மலை மேலே ஒரு ரிசார்ட்டில் ஓடிய வண்டி அது. 500 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர், ரேடியேட்டர் வைத்த இன்ஜின். கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் வேலை இல்லை, பெல்ட் டிரைவ்: முன்னால் இன்ஜின் பக்கம் ஒரு புல்லி, பின்னால் சக்கரத்துக்குப் போகும் பக்கம் ஒரு புல்லி, நடுவில் பெல்ட். சுவிட்சைப் போட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும். முன்னால் ஒரு கேரியர், பின்னால் ஒன்று, பின்பக்கம் டிரெய்லர் மாட்டக் கொக்கி. மீட்டரில் ஓடிய மணிக்கணக்கு குறைவாக இருந்தது. "டூரிஸ்ட்டு ஓட்டுன வண்டிண்ணே, லோடே ஏத்தல" என்று தரகர் சொன்னார். அது உண்மைதான். வண்டியைக் கெடுத்ததும் அதுவேதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

வாங்கியது கோடையில். காய்ந்த தரையில் அந்தப் பருவம் முழுக்கக் காய் சுமந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் ஓடைக்கரை ஏற்றத்தில் நின்றுபோக ஆரம்பித்தது. பண்ணை இயந்திரங்கள் பழுது பார்ப்பது என் தொழில். என்னிடம் வண்டி வந்தது ஒற்றை வரிப் புகாரோடு: இழுவை இல்லை.

இன்ஜின் போச்சு என்ற முடிவு

என்னிடம் வருவதற்கு முன்பே வண்டி வேறு கைகளில் இருந்து வந்திருந்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தார்கள். பிளக் புதிது. ஏர் ஃபில்டரைத் தட்டி ஊதியிருந்தார்கள். எதற்கும் மசியாததால் கடைசியில் சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பைக் இன்ஜினில் காட்டும் அளவில் பாதிகூட முள் ஏறவில்லை. "ரிங்கு போச்சுண்ணே, போர் பண்ணித்தான் ஆகணும்" என்று முடிவு சொல்லிவிட்டார்கள். அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட வேண்டும். பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டிய சாமான். சொன்ன தொகையைக் கேட்ட தோப்புக்காரர் வண்டியைக் கண்டமாகப் போட்டுவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

அந்த கேஜ் பொய் சொல்லவில்லை. அது சொன்னதைப் படித்த விதம்தான் தப்பு. இவ்வளவு பெரிய ஒற்றை பிஸ்டனை முழு அழுத்தத்துக்கு எதிராகச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டாரால் முடியாது. அதனால் கேம் ஷாஃப்டில் சின்ன எடை ஒன்றை வைத்து, ஸ்டார்ட் ஆகும் வேகத்தில் மட்டும் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் திறந்தே இருக்கும்படி செய்திருப்பார்கள். இன்ஜின் பிடித்து வேகம் எடுத்ததும் எடை விலகி, வால்வு முழுதாக மூடும். இப்படி டிகம்ப்ரஷன் வைத்த இன்ஜின் நல்ல நிலையில் இருந்தாலும், ஸ்டார்ட்டரால் சுற்றும்போது கேஜில் குறைவாகத்தான் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து இன்ஜினைப் பிரிப்பது வீண் செலவு.

இந்த மாதிரி இன்ஜினுக்கு லீக்-டவுன் சோதனைதான் சரி. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்க வால்வும் மூடியிருக்கும் நிலையில் நிறுத்தி, பிளக் துளை வழியாக கம்ப்ரஸர் காற்றை விட வேண்டும். எவ்வளவு கசிகிறது என்பதோடு எங்கே கசிகிறது என்பதும் காதிலேயே தெரிந்துவிடும். கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். இந்த வண்டியில் ஆயில் வாய்ப் பக்கம் லேசான சீறல் மட்டும். வயதுக்கு அது சகஜம். இன்ஜினைத் தொடவே இல்லை.

உண்மையில் கேஜ் எடுப்பதற்கு முன்னாலேயே இது தெரிந்திருக்க வேண்டும். நியூட்ரலில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் சுணங்காமல் எழுந்தது. நீலப் புகை இல்லை. ஓட்டிப் பார்த்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. சக்தி பிறக்கிறது, சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால், நடுவில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெல்ட் உறைக்குள் கிடைத்தது

இடது பக்க பிளாஸ்டிக்கை எடுத்து, பெல்ட் உறையின் போல்டுகளைக் கழற்றியதும் உள்ளே எங்கும் கருப்புத் தூள். பெல்ட்டின் இரு ஓரங்களும் கண்ணாடி போட்டதுபோல வழுவழுத்திருந்தன. கையால் சுற்றிக்கொண்டே வந்தபோது ஒரே ஒரு இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு, பெல்ட் இடுப்பு சிறுத்துக் கிடந்தது. உள் நூல் எட்டிப் பார்த்தது. இன்ஜின் பக்கப் புல்லியின் முகத்தில் உருகின ரப்பர் படலமாக ஒட்டியிருந்தது.

ஒரே இடத்தில் பெல்ட் தேய்வது பெரும்பாலும் இப்படித்தான். சக்கரம் நகர முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கும்போது ஓட்டுபவர் விடாமல் ஆக்சிலேட்டர் கொடுக்கிறார். பின் புல்லியும் பெல்ட்டும் நிற்க, முன் புல்லி மட்டும் சுழன்று, தான் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ஓரிடத்தைச் சுட்டுத் தேய்க்கிறது. அப்புறம் பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழும். வண்டி ஓட்டும் தம்பியிடம் கேட்டேன். "ஆமாண்ணே, எடுக்கும்போது தட்டுத் தட்டுன்னு தட்டும். ஓட ஓடச் சரியாயிரும், அதான் விட்டுட்டோம்" என்றார். வண்டி வாங்கும்போதே அந்தத் தட்டல் இருந்ததாம். அப்படியானால் பாதி சேதம் ரிசார்ட்டிலேயே நடந்துவிட்டது.

உறையின் அடியில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு இருக்கும். அதை யாரும் என்றைக்கும் திறந்ததாகத் தெரியவில்லை. உள்ளே துருக்கோடு ஒன்று தண்ணீர் நின்ற மட்டத்தைக் காட்டியது. பெல்ட்டுக்குக் காற்று வரும் குழாயைக் கழற்றிக் கவிழ்த்தால் மண் கொட்டியது. குளவி கூடு கட்டியிருந்தது. பெல்ட் டிரைவ் உயிர் வாழ்வதே அந்தக் குழாய் வழியாக வரும் காற்றால்தான். அது அடைபட்டால் நல்ல பெல்ட்டும் வெந்துபோகும். நம் ஊர்த் தோப்புகளில் வண்டி ஒரு மாதம் சும்மா நின்றாலே குளவி குடியேறிவிடும் என்பதால், குழாய் வாயில் மெல்லிய கம்பி வலை ஒன்றைக் கட்டிவிட்டேன். தூசி சேர்ந்தால் அதையும் தட்டிவிட வேண்டும், மறந்தால் வலையே அடைப்பாகிவிடும்.

அடுத்த கேள்வி, எந்த கியரில் ஓட்டினார்கள் என்பது. லீவரில் ஹை, லோ, நியூட்ரல், ரிவர்ஸ் என்று இருக்கிறது. ரிசார்ட்டில் லோ தேவைப்பட்டிருக்காது. இங்கே தம்பி ஸ்கூட்டி ஓட்டிப் பழகியவர். ஸ்கூட்டியிலும் இதே பெல்ட் தத்துவம்தான், ஆனால் அதில் லோ கிடையாது. அதனால் லோ என்பது ஏதோ அவசரத்துக்கு வைத்திருப்பது என்று நினைத்துவிட்டார். உண்மையில் டிரெய்லர் இழுக்கும்போதும், மேடு ஏறும்போதும், ஆள் நடக்கும் வேகத்தில் மரத்துக்கு மரம் நின்று நின்று போகும்போதும் லோவில்தான் ஓட்ட வேண்டும். ஹையில் வைத்துக்கொண்டு மெதுவாக ஊர்ந்தால் புல்லி பெல்ட்டை முழுதாகக் கவ்வாது, பாதிப் பிடியில் வழுக்கிக்கொண்டே இருக்கும். தோப்பு வேலையில் முக்கால்வாசி இந்த ஊர்தலும் நிற்பதும்தான். மாந்தோப்புக்கு வரும் ஏடிவிக்கு லோதான் சாதாரண கியர், ஹை என்பது காலியாகத் திரும்பி வருவதற்கு என்று நான் சொல்லிவிடுவது வழக்கம்.

பெல்ட்டுக்காக ஆன அலைச்சல் ஒரு வேடிக்கை. கோச்சடையில் ஃபென்னர் ஆலை இருக்கும் ஊர் இது. வி-பெல்ட்டுக்கு மதுரையில் பஞ்சமே இல்லை. மாவு மில்லுக்கும் மோட்டார் பம்புக்கும் எண்ணைச் சொன்னால் உடனே எடுத்துத் தருவார்கள். ஆனால் ஏடிவி பெல்ட் அந்த ஜாதி இல்லை. அதன் மேல் அகலம், ஓரச் சாய்வு, உள் நூல் எல்லாமே அந்தப் புல்லிகளுக்கென்று கணக்குப் போட்டது. புல்லி விரியும்போதும் சுருங்கும்போதும் பெல்ட் மேலே ஏறி இறங்க வேண்டும். அகலத்தில் சிறிது குறைந்தாலும் எடுப்பு வேகமே மாறிவிடும். நீளம் பொருந்துகிறதே என்று மில் பெல்ட்டை மாட்டிப் பார்க்கும் சாகசம் வேண்டாம். பார்ட் நம்பர் சொல்லி வெளியூரிலிருந்து வரவழைத்தோம், இரண்டாக. ஒன்று மாட்ட, ஒன்று கையிருப்புக்கு. புதுசை மாட்டுவதற்கு முன் புல்லி முகத்தில் ஒட்டியிருந்த ரப்பரைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். மாட்டிய பிறகு கொஞ்ச நாள் அரை ஆக்சிலேட்டருக்கு மேல் போகாமல், லோடு இல்லாமல் ஓட்டிப் பழக்க வேண்டும்.

ஏன் மாட்டிக்கொண்டது?

பலர் இங்கேயே நிறுத்தியிருப்பார்கள். பெல்ட் மாற்றியாயிற்று, இழுவை வந்துவிட்டது, பில் போடலாம். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஏன் திரும்பத் திரும்பச் சகதியில் மாட்டி, பெல்ட்டைச் சுட்டுக்கொண்டது என்பதற்குப் பதில் வேண்டுமே. பதில் தெரியாமல் புது பெல்ட்டை மாட்டினால் அடுத்த ஐப்பசியில் அதுவும் போய்விடும்.

இந்த வகை வண்டியில் பின் சக்கரம் இரண்டும் ஒன்றாகவே சுழலும், நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பு) இல்லை. முன் சக்கரம் மட்டும் சுவிட்சுக்குக் கட்டுப்பட்டது. முன் சக்கரங்களுக்கு நடுவிலுள்ள கியர் பெட்டிக்குள், அதாவது முன் கேஸுக்குள், உருளைகளைக் கொண்ட ஒரு கிளட்ச் இருக்கிறது. சைக்கிள் ஃப்ரீவீல்போல, சக்கரம் முந்திக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அது பிடிக்காது. சுவிட்சைப் போட்டால் ஒரு மின்காந்தச் சுருள் ஒரு தகட்டை இழுத்துப் பிடித்து, உருளைகளைக் கவ்வுவதற்குத் தயாராக நிறுத்துகிறது. பின் சக்கரம் வழுக்கி வேகமாகச் சுழன்றால்தான் உருளைகள் இறுகி, முன் சக்கரமும் இழுக்கும். அதாவது சுவிட்ச் போட்டிருந்தாலும் நல்ல தரையில் முன் சக்கரம் வேலை செய்யாது, செய்யவும் கூடாது.

ரிசார்ட்டில் இது யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். சமதரையில் ஓட்டினால் முன் இழுவை இருப்பதும் இல்லாததும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சுவிட்சைப் போட்டால் மீட்டரில் குறி தெரிகிறது, அதைப் பார்த்து எல்லோரும் திருப்தி. அந்தக் குறி சுவிட்ச் போட்டாயிற்று என்பதைத்தான் சொல்லும், முன் கேஸுக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். சுவிட்ச் ஆஃப்: இரண்டு சக்கரமும் கையால் லேசாகச் சுற்றின. சரி. சுவிட்ச் ஆன்: கொஞ்ச தூரம் சுற்றியதும் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை, இரண்டும் தாராளமாகச் சுற்றின. ஃபியூஸ் நன்றாக இருந்தது. கேஸ் பக்கம் வரும் கனெக்டரில் 12 வோல்ட் வந்தது. கனெக்டரைப் பிரித்து, சுருளின் இரண்டு ஒயருக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். இந்தச் சுருளுக்கு 21.6-இலிருந்து 26.4 ஓம் வரை காட்ட வேண்டும். மீட்டர் எதையும் காட்டவில்லை. ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது.

ஒயரை விரலால் நெருடிக்கொண்டே போனதில் கேஸுக்குள் நுழையும் ரப்பர் வாய்க்கு ஒரு அங்குலம் முன்னால் ஓரிடம் தொளதொளவென்று வளைந்தது. மேலுறை முழுசாக இருந்தது. பிளேடால் கீறினால் உள்ளே செம்பு இல்லை, பச்சைத் தூள். ஹேண்டில் திருப்பும்போதெல்லாம் அந்த இடம் வளைந்து வளைந்து நைந்திருக்கிறது. தினமும் ஜெட் பம்ப் வைத்துக் கழுவும்போது தண்ணீர் உறைக்குள் ஏறி, நைந்த செம்பை அரித்துத் தின்றிருக்கிறது. அரித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புது ஒயர் இணைத்து ஈயப்பற்று வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடி, திருப்பத்தில் இழுபடாதபடி தளர்வு விட்டு டை கட்டினேன். மீட்டர் 24 காட்டியது. ஆன செலவு பட்டறைப் பையன்களுக்கு வாங்கிய டீ வடையைவிடக் குறைவு.

அதோடு முடியவில்லை. கரண்ட் போகிறது, ஆனாலும் ஒரு சக்கரம் பிடிக்கத் தயங்கியது. முன் கேஸ் ஆயிலை வடித்தேன். வெளுத்து, கெட்டியாக, பிசுபிசுவென்று வந்தது. தண்ணீர் கலந்த தொண்ணூறு ஆயில், அதாவது கெட்டியான 90 நம்பர் கியர் ஆயில். முன்பு இந்த வண்டியைப் பார்த்த மெக்கானிக்கிடம் ஃபோனில் கேட்டதற்கு, "எல்லாக் கிரவுனுக்கும் தொண்ணூறுதானேண்ணே ஊத்துவோம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் கிரவுன் என்றது சக்கரங்களுக்கு நடுவிலுள்ள கியர் பெட்டியை. டிராக்டருக்கும் ஜீப்புக்கும் அது சரிதான். இங்கே காந்தம் இழுக்க வேண்டிய தகட்டுக்கும் அது ஒட்ட வேண்டிய முகத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளிதான் உண்டு. கெட்டி ஆயில் அதில் பசையாக நின்றால், பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது, விட வேண்டிய நேரத்தில் விடாது. அதனால்தான் முன் கேஸுக்கென்று மெல்லிய ஆயில் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்ஜினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, முன் கேஸுக்கு ஒன்று, பின்பக்கம் இன்னொன்று. கழுவி, சரியான ஆயிலை ஊற்றியதும் இரண்டு சக்கரமும் டக்கென்று பிடித்தன. உருளைகளைப் பிடித்திருக்கும் கூண்டில் லேசான தேய்மானம் தெரிந்தது. இப்போதைக்கு மாற்ற வேண்டியதில்லை.

ஆக, நடந்தது இதுதான். ஒரு ஒயர் அறுந்தது. முன் சக்கரம் செத்தது யாருக்கும் தெரியவில்லை. பின் சக்கரத்தை மட்டும் நம்பிச் சகதியில் இறங்கிய வண்டி மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்ட இடத்தில் பெல்ட் வெந்தது. வெந்த பெல்ட் வழுக்கியதை இன்ஜின் குறை என்று எண்ணி கார்புரேட்டரைக் கழுவினார்கள், கேஜ் போட்டார்கள், போர் பண்ணச் சொன்னார்கள். புகார் ஒரு முனையில், காரணம் மறு முனையில்.

சுவிட்சைப் பயன்படுத்தவும் ஒரு முறை இருக்கிறது. சகதியில் இறங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். மாட்டிக்கொண்டு, பின் சக்கரம் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போது போட்டால், இன்ஜின் வேகம் 3100 சுற்றுக்குக் கீழே வரும்வரை இந்த வண்டி முன் சக்கரத்தை இணைக்காது. உருளைகள் உடையாமலிருக்க வைத்த ஏற்பாடு அது. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை விடாமல் பிடித்துக்கொண்டு சுவிட்சை அழுத்தி அழுத்திப் பார்ப்பவருக்குக் கடைசிவரை முன் சக்கரம் கிடைக்காது. தம்பிக்கு இதை ஓடைக்கரையிலேயே நின்று செய்து காட்ட வேண்டியிருந்தது.

நம்பர் இருந்தால் மதுரையில் கிடைக்கும்

பழைய ஏடிவி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஸ்பேர் கிடைக்குமா என்பது. பாதி கிடைக்கும். வெளிநாட்டு வண்டி என்றதும் எல்லாமே கப்பலில் வர வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை.

பேரிங்குக்கு நாடு கிடையாது. ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் பார்த்தால் போதும். 6205 என்று இருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். எந்த வண்டியிலிருந்து கழற்றியதானாலும் டவுனில் பேரிங் கடையில் அதே அளவு கிடைக்கும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதா என்பதை அதுதான் சொல்லும். தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு மூடியில்லாத பேரிங் வாங்கிவிடக் கூடாது. ஆயில் சீலும் அப்படித்தான், மூன்று அளவு தெரிந்தால் போதும். பேட்டரி, ரிலே, ஃபியூஸ், பிளக், பிரேக் ஆயில், ரேடியேட்டர் ஹோஸ் எதற்கும் கவலை இல்லை. புஷ், பின் போன்றவற்றை கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கமோ கப்பலூரிலோ நல்ல லேத் பட்டறையில் கடைந்து வாங்கிவிடலாம். மாதிரியைக் கையில் கொடுத்தால் போதும், படம்கூட வேண்டாம்.

மதுரையில் கிடைக்காதவை என்று பார்த்தால் பெல்ட், காந்தச் சுருள், முன் கேஸின் உருளைக் கூண்டு, ஆக்சில். வண்டியின் விலையைப் பேசும்போது இந்த நான்கின் நிலையைத்தான் பார்க்க வேண்டும். பெயின்ட் பளபளப்பையும் மீட்டரையும் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. ஆக்சில் முனையில் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் தெறித்திருந்தால் அந்த ஜாயின்ட்டுக்குள் மண் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பூட் சின்ன சாமான், ஜாயின்ட் பெரிய செலவு. இந்த வண்டியில் முன் இடது பூட்டில் வெடிப்பு கண்டிருந்தது. கார் பூட்களில் அளவு தேடினோம். சின்ன வாய் பொருந்தியது, பெரிய வாய் தொளதொளத்தது. ரப்பர் மோல்டிங் செய்பவர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம். டயரிலிருந்து பெல்ட் வரை ரப்பர் தொழில் செழித்த ஊரில் இதற்கு வழி இருக்கும் என்பது என் நம்பிக்கை.

பெட்ரோல் பற்றி ஒன்று. இப்போது பங்க்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். இந்த வயது கார்புரேட்டர் வண்டிகள் 10 சதவீதத்தை மனதில் வைத்துச் செய்தவை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். பருவம் முடிந்து வண்டியை நிறுத்தும்போது கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து பெட்ரோலை வடித்துவிட்டால் அடுத்த சித்திரையில் ஸ்டார்ட்டர் சூடாக வேண்டியதில்லை. பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டோம்.

தோப்புக்குள் ஓட்டுவது

சீமைக்கருவேல முள்ளுக்கு இந்த டயரும் தப்பாது. டியூப்லெஸ் என்பதால் பிளக் குத்திச் சமாளிக்கலாம். ஆனால் பஞ்சருக்குப் பிறகு காற்று பிடிப்பதில்தான் பெரும்பாலும் கோளாறு. ஏடிவி டயருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐதான். ரோட்டோரப் பஞ்சர் கடையில் பைக் கணக்கில் 30 வைத்துவிடுகிறார்கள். அந்தக் கடை கேஜில் 10-க்குக் கீழே கோடே இல்லை. 30 வைத்தால் வண்டி பந்துபோல் குதிக்கும், சகதியில் டயர் பரவாது, சரிவில் பிடிமானம் போய்விடும். குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றும் சைக்கிள் பம்ப் ஒன்றும் வாங்கித் தோப்பு ஷெட்டில் வைத்தாயிற்று.

பின் கேரியரின் ஒரு தாங்கியில் வெல்டிங் விட்டிருந்தது. விசாரித்தால், மருந்தடிக்க நூறு லிட்டர் டிரம்மை அதன் மேல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கேரியர் தாங்குவது 82 கிலோ, முன்னால் 41. தண்ணீர் மட்டுமே நூறு கிலோ, டிரம், மோட்டார், ஹோஸ் தனி. அதைவிட மோசம், பாதி காலியான டிரம்மில் தண்ணீர் சரிவுப் பக்கமாக ஓடிச் சேர்வது. வண்டி கவிழ்வதற்கு அது போதும். டிரம் இப்போது டிரெய்லருக்குப் போய்விட்டது. இந்த வண்டி சுமார் 550 கிலோ வரை இழுக்கும், தரையோடு இருப்பதால் ஆபத்தும் குறைவு. கிரேட்டையும் கேரியரில் அடுக்காமல் டிரெய்லரில் போடுவதுதான் வழக்கம் ஆகியிருக்கிறது.

பின்னால் ஆள் ஏற்றுவதைத்தான் நிறுத்தவே முடியவில்லை. ஒருவர் மட்டுமே உட்கார வேண்டிய வண்டி இது. ஓட்டுபவர் மேட்டில் முன்னாலும் இறக்கத்தில் பின்னாலும் நகர்ந்து எடையைச் சமன் செய்யத்தான் அந்த நீளமான சீட். இடம் இருக்கிறதே என்று அறுவடைக்கு வந்தவர்கள் தொற்றிக்கொள்கிறார்கள். 16 வயதுக்குக் கீழே யாரும் ஓட்டக் கூடாது என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கிறது. லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, "தாத்தா, ஒரே ரவுண்டு" என்று நிற்கிறார்கள். தோப்புக்காரர் சாவியை மடியில் முடிந்துகொள்ள ஆரம்பித்திருக்கிறார்.

ரோட்டு விவகாரம் தனி. தோப்பின் ஒரு துண்டு பஞ்சாயத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. "ரோட்ட தாண்டத்தானே போறேன்" என்கிறார் தோப்புக்காரர். 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 39, பதிவு செய்யாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது. பிரிவு 146, மூன்றாம் நபர் காப்பீடு கேட்கிறது. இந்த வண்டிக்குப் பதிவு இல்லை, ஆகவே காப்பீடும் இல்லை. வேலிக்குள் ஓட்டும்வரை பிரச்சினை இல்லை, ரோட்டில் ஒரு பைக்காரர் மேல் மோதினால் தோப்பையே எழுதிக் கொடுக்க வேண்டிவரும். டிராக்டர் வகையில் பதிவு செய்து ரோட்டில் ஓட்டக்கூடிய ஏடிவி இந்தியாவிலேயே விற்பனைக்கு வந்திருக்கிறது. 2020-இல் போலாரிஸ் நிறுவனம் ஸ்போர்ட்ஸ்மேன் 570-ஐ அப்படிக் கொண்டுவந்தது. ரோட்டைத் தாண்டாமல் வேலை நடக்காது என்பவர்கள் ஆர்சி புத்தகம் உள்ள அந்த மாதிரி வண்டியைத்தான் தேட வேண்டும். இவர் ரோட்டுக்கு அப்பாலுள்ள துண்டுக்குப் பழையபடி டிராக்டரை அனுப்புகிறார்.

வாங்கியிருக்க வேண்டுமா?

கேட்டால் என் பதில் தோப்பைப் பொறுத்தது. சமநிலம், கரிசல், நெல், வாழை என்றால் இதே காசுக்கு நான்கு சக்கர இழுவையுள்ள பழைய மினி டிராக்டர் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அது உழும், ரோட்டரி போடும், மருந்தடிக்கும், உள்ளூரிலேயே ஸ்பேர் கிடைக்கும், விற்றாலும் விலை போகும். ஏடிவிக்கு இவற்றில் பெரும்பாலானவை கிடையாது. ஆனால் இந்தத் தோப்பில் ஓடைக்கு அந்தப் பக்கத்து மரங்களுக்கடியில் மினி டிராக்டரின் ஸ்டீயரிங்கே கிளையில் இடிக்கும். அந்தச் சரிவில் அதை ஏற்றுவதற்கு நான் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். அங்கே ஏடிவிக்குப் போட்டி தலைச்சுமை மட்டும்தான், அதற்குத்தான் ஆள் இல்லை. இரவில் காட்டுமாடு இறங்கும் பக்கம் என்பதால் வேலியைச் சுற்றிப் பார்க்கவும் காவல்காரருக்கு இது உதவுகிறது, ஹெட்லைட் வெளிச்சத்தோடு.

செலவைப் பொறுத்தவரை, வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் வருடத்திலேயே போயிருக்கிறது. அதில் பெரும்பகுதி இரண்டு பெல்ட்டும் அதற்கு முன்னால் வீணாகச் செய்த வேலைகளும். வாங்கும் அன்றே முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சுவிட்சைப் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்திருந்தால் இந்தச் செலவு விற்றவர் தலையில் விழுந்திருக்கும். விலை பேசும்போது கழித்திருக்கலாம். தரகர்கள் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளாத தரகரிடம் வாங்காமல் விட்டுவிடலாம்.

இப்போது பாக்கி இருப்பது அந்த முன் இடது பூட். மோல்டிங்காரர் முதலில் செய்து கொடுத்தது விறைப்பாக இருந்தது. ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் மடிப்பு விரியவில்லை. இன்னும் மெத்தென்ற கலவையில் வார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பழைய பூட்டின் மேல் கிரீஸ் பூசி, சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி ஓட்டுகிறார்கள். அதைக் கழற்றும்போது முன் கேஸ் ஆயிலையும் ஒரு தடவை வடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், மறுபடி வெளுத்திருந்தால் ஆயில் சீல் மாற்ற வேண்டியிருக்கும்.